சம்பந்தி தந்த துப்பாக்கி

ரைபிள் கிளப்பின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அங்கே பயிற்சி கொடுக்கும் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "எதைப் பத்தி எழுதச் சொல்லுத?" என்று கேட்டேன். "உங்க சர்வீஸ்ல உங்கள ரொம்பக் கொழப்பின தோக்கு எது அண்ணாச்சி? அதை எழுதுங்க" என்றான். எங்கள் பக்கம் துப்பாக்கியைத் தோக்கு என்றுதான் சொல்வோம். அவன் கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு எட்வின் சாரின் ரைபிள்தான் கண் முன்னால் வந்து நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் மண்டை காயும்.

நாகர்கோவிலில் லைசன்ஸ் வாங்கிய துப்பாக்கிக் கடை ஒன்றில் பழுது பார்ப்பவனாகக் காலம் தள்ளினேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, தையல் மிஷின் கடைக்கு வேலை கேட்கப் போனவன், கதவு மாறி இங்கே நுழைந்தேன் என்றுதான் என் மனைவி சொல்லுவாள். முதல் சில வருஷம் துரு தேய்த்தேன். பிறகு ஸ்பிரிங் மாற்றினேன். அவ்வளவுதான் என் பயிற்சி. வருகிறவர்கள் வங்கிக் காவலர்கள், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள், அப்பா காலத்துத் தோக்கை லைசன்சோடு வாங்கிக்கொண்ட ரப்பர் தோட்டக்காரர்கள். வேட்டையெல்லாம் சட்டப்படி நின்று போய் எவ்வளவோ காலமாயிற்று. பீரோவில் கிடந்த தோக்கு, ஆசை வந்தவுடன் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போகும், அங்கே மக்கர் செய்யும், திங்கட்கிழமை எங்களிடம் வரும். திறந்து பார்த்தால் உள்ளே தேங்காய் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிக் கிடக்கும். எங்கள் மாவட்டத்தில் தலைக்கும் அதே எண்ணெய், கதவுக் கீலுக்கும் அதே எண்ணெய், தோக்குக்கும் அதே எண்ணெய். சொன்னால் கேட்பார்களா!

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்னையா என்று பெயர். அதட்ட மாட்டார், ஆனால் அவர் முன்னால் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் சத்தம் வருகிற மாதிரி வைக்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. தோக்கு வந்தால் முதலில் அவர் போல்ட்டைத் திறப்பார். உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்ப்பார், பிறகு சுண்டு விரலை விட்டுத் தடவுவார். அப்புறம் என்னிடம் நீட்டுவார். நானும் கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். "இப்பதான் நீங்க பாத்தீயளே முதலாளி" என்று ஆரம்ப காலத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டேன். "நான் பாத்தது எனக்கு. நீ பாத்தது உனக்கு வே" என்றார். அதற்குப் பிறகு வந்த ஆளுக்கு டீ சொல்லுவார். டீ குடித்து முடிக்கும்வரை தோக்கைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆத்திரத்தோடு வந்தவனும் கிளாஸைக் கீழே வைக்கும்போது பாதி அடங்கியிருப்பான்.

எட்வின் சார் மட்டும் டீக்கு அடங்கவில்லை.

அவர் நெய்யூர்ப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் ரப்பரும் உண்டு. அவருடைய மகள் ஷைனி, கூடப் படித்த ஜோபின் என்ற பையனை விரும்பினாள். பையன் கடியப்பட்டணம். அவன் அப்பா பெர்னார்டு அண்ணனுக்குச் சொந்தமாக மீன்பிடி போட்டு உண்டு. இவர்கள் சி.எஸ்.ஐ. சபை, அவர்கள் கத்தோலிக்க ஆர்.சி. இவர்கள் தோட்டம், அவர்கள் கடல். இரண்டு அப்பன்மாரும் ஒரே கிளப்பில், கிளப் ரைபிளில், பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் சுடுகிறவர்கள். விஷயம் வெளியே வந்த பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அப்படியே ரொம்ப நாள் ஓடி, பிள்ளைகளின் பிடிவாதத்தில் ஒருவழியாக இளகி, நிச்சயமும் ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தில்தான் தோக்கு மாற்றிக்கொண்டார்கள். எட்வின் சாரிடம் இருந்தது இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் தோக்கு, சிதறு குண்டு போடுகிற வகை. அவருக்குச் சொந்த ரைபிளில் குறி பார்க்க ஆசை. பெர்னார்டு அண்ணனிடம் அவர் அப்பா வைத்திருந்த பழைய 315 வேட்டை ரைபிள் இருந்தது, அவர் அதைச் சுட்டதே இல்லை, பீரோவில் கிடந்தது. அவருக்கோ மேலே எறிகிற மண்தட்டைச் சுடுகிற ஆசை. "சம்பந்தம்தான் ஆயாச்சு, தோக்கும் மாறட்டும்" என்று முடிவு செய்து, அனுமதி, லைசன்ஸில் பதிவு எல்லாம் எங்கள் கடை வழியாகவே முறைப்படி நடந்தது. கை மாறும்போது பெர்னார்டு அண்ணன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "எங்க அப்பனுக்க தோக்காக்கும். வச்ச வெடி தவறினதா சரித்திரமே கெடயாது."

அடுத்த வாரமே எட்வின் சார் வந்துவிட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"செல்லப்பா, முதல் வெடி கரெக்டா நடுவில. ரெண்டாவது கொஞ்சம் தள்ளி. மூணாவது வலது பக்கம் மேல. பொறவு எங்க போகுதுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

தோக்கை முதலாளி பார்த்தார், விரல் விட்டார், நான் பார்த்தேன், விரல் விட்டேன். பேரலுக்குள் செம்புக் கறை ஏறியிருந்தது. குறி சிதறுவதற்கு அது போதும். சாவகாசமாகச் சுத்தம் செய்தேன். அடுத்து கிளப்பில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டா எங்களுக்கு அரிசி மாதிரி அள்ளுகிற சாமான் இல்லை. லைசன்ஸ்காரருக்கு அளந்து கொடுக்கிற பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் எங்கள் கடையில் சோதனை என்றால் ஒரே ஒரு வெடி. குறியில் விழுந்தால் வேலை முடிந்தது. வைத்தேன். நடுவில் விழுந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தார். இந்தத் தடவை பேரலின் வாயில் ஒரு சின்ன அடி கண்டுபிடித்தேன். அதைச் சரி செய்து ஒரு வெடி வைத்தேன். நடு. மறுபடியும் வந்தார். குறி பார்க்கிற முன் சைட் லேசாக ஆடுவதாகத் தோன்றியது. இறுக்கினேன். ஒரு வெடி. நடு. மறுபடியும் வந்தார். எனக்குக் கோட்டி பிடிக்காத குறைதான். நான் என்ன செய்தாலும் தோக்கு சரியாகிறது, அவர் கையில் போனதும் கெட்டுப்போகிறது. மனுஷருக்குக் கண் பார்வை போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அதே கண், கிளப்பில் வேறொருத்தர் ரைபிளில் அத்தனை தோட்டாவையும் ஒரே இடத்தில் போடுகிறது.

மரக்கட்டையைக் கழற்றியும் பார்த்தேன். பேரல் உட்காருகிற பள்ளத்தில் கறுப்பாக, வழவழப்பாக, ஏதோ பூச்சு. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. நான் வாயைப் பிளந்தேன். "பாருங்க முதலாளி, வெளிநாட்டு வேலைன்னா வேலைதான். நம்மாளுக்கு இந்த நேர்த்தி வருமா?" என்றேன். முதலாளியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்து, "கொள்ளாம்" என்று மெச்சினார். கைபடாமல் அப்படியே திருப்பி மாட்டிவிட்டேன்.

இதற்குள் கதை தோக்கை விட்டு வெளியே போய்விட்டது. எட்வின் சார் ஒரு நாள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"செல்லப்பா, இதில தெரிஞ்சே செஞ்ச வேலை ஏதாவது இருக்கா? அத மட்டும் எனக்குச் சொல்லு. கெட்ட தோக்குன்னு தெரிஞ்சு என் தலையில கெட்டியிருந்தான்னா, அந்த வீட்டுக்கு எப்படி ஒரு பிள்ளைய அனுப்ப முடியும்? நான் கல்யாணத்த நிறுத்திருவேன், கேட்டியா."

எனக்குப் பதறி வெப்ராளம் வந்துவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஹால் பிடித்தாகிவிட்டது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் மேஜை மேல், ஸ்க்ரூவுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கிடக்கிறது. நான் வெறும் ஃபிட்டர். மனுஷன் மனசில் கள்ளம் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கருவி ஏது?

அன்றைக்கு அவரோடு ஷைனியும் வந்திருந்தாள். நெய்யூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பிள்ளை. அப்பா போன் பேச வெளியே போன நேரம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், தோக்கு செரியாவுமா?"

"ஆகும் மக்கா."

"எப்போ?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அவள் மேஜையில் கிடந்த ரைபிளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காதவள் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி பெர்னார்டு அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். ஒரே மேஜையில் இரண்டு பேரையும் வைத்துப் பேசினால் தீர்ந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். தீர்ந்ததா? பற்றி எரிந்தது.

"தோக்கில குத்தம் ஒண்ணும் இல்ல" என்றார் பெர்னார்டு அண்ணன். "எங்க அப்பன் எத்தன வருசம் வச்ச தோக்கு! ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்."

"எனக்கா ஆடத் தெரியாது? உங்க தோக்கு சுடச் சுட சாம்பிராணி மணம்லா வருது! தோக்கா, இல்ல உங்க கோயிலா?"

சாம்பிராணி போடுவது ஆர்.சி. கோயிலில்தான். பெர்னார்டு அண்ணன் எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று. "என்ன வேணும்னாலும் பேசும் ஓய். எங்க கோயில இழுக்காதேயும்."

"நான் இழுக்கல்ல. மணம் வருதுன்னேன்."

"அதத்தான் சொல்லுதேன், இழுக்காதேயும்!"

இரண்டு பேரும் இரண்டு வாசல் வழியாகப் போனார்கள். எங்கள் கடைக்கு இருப்பது ஒரே வாசல். எட்வின் சார் பின்பக்கம் குடோன் வழியாகப் போய் மதில் ஏறிச் சாடியிருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பெர்னார்டு அண்ணன் பொய் சொல்லுகிற ஆள் மாதிரி இல்லை. எட்வின் சாரும் இல்லை. தோக்கும் என் கையில் ஒழுங்காகத்தான் சுடுகிறது. மூன்று பேரும் யோக்கியம் என்றால் தப்பு எங்கே இருக்கிறது? எனக்கு ஒரு எளவும் மனசிலாகவில்லை. முதலாளிக்கும் புரியவில்லை என்பது அவர் தன்னுடைய டீயையே குடிக்க மறந்ததில் தெரிந்தது.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிறு காலை, கோயில் முடிந்து, இரண்டு பேரும் கிளப்புக்கு வர வேண்டும். அதே தோக்கு. ஆளுக்கு ஐந்து வெடி, நிறுத்தாமல். தோட்டா எட்வின் சாருடையது. "தோக்கா ஆளான்னு பாத்துருவோம்" என்றார்.

வந்தார்கள். பெர்னார்டு அண்ணன் முதலில் படுத்தார். முதல் வெடி, நடுவில் நடு. தலையைத் திருப்பி எட்வின் சாரை ஒரு பார்வை பார்த்தார். "பாத்தியளா?" என்று வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் நாலு இருக்கு" என்றார் எட்வின் சார்.

இரண்டாவது கொஞ்சம் விலகியது. பெர்னார்டு அண்ணன் முழங்கையைச் சரி செய்துகொண்டார். மூன்றாவது வலது பக்கம் மேலே. நான்காவது அதற்கும் மேலே. ஐந்தாவது அட்டையிலேயே இல்லை. அவர் எழுந்திருக்கவில்லை. தோக்கைத் தெரியாத ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எட்வின் சார் கை கொட்டிச் சிரிக்கப்போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ என்னைவிடக் குழம்பிப்போய் நின்றார். குறி தெரிந்த ஆள் பெர்னார்டு என்பது அவருக்குத் தெரியும்.

பேரல் கைவைக்க முடியாத சூடு. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து மணம் வந்தது. நிஜமாகவே கோயில் மணம்தான். பெர்னார்டு அண்ணன் மூக்கை மரத்தோடு சேர்த்து வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அவர் முகம் மாறியது.

"இது சாம்பிராணி இல்ல ஓய்" என்றார் மெதுவாக. "இது குங்கிலியம். இது வள்ளத்துக்க மணம்."

அவர் சொன்ன பிறகுதான் கதை வந்தது. அவர் அப்பா மலையடிவாரத்தில் ஒரு எஸ்டேட்டில் காவல் வேலை பார்த்தபோது ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து, தோக்கின் மரக்கட்டை இரண்டாகப் போயிருக்கிறது. வீட்டில் சித்தப்பா மரப்படகு கட்டுகிறவர், எங்கள் பக்கம் வள்ளம் பணிகிறவர் என்போம். அயினி மரத்தில் புதுக் கட்டை செதுக்கிக் கொடுத்தார். வள்ளம் பணிகிறவன் கண்ணுக்கு இடைவெளி என்றால் சத்துரு. இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் விடவு தெரிந்ததும் மனுஷருக்குப் பொறுக்கவில்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் அடைக்கிற மாதிரியே, பஞ்சு வைத்து இறுக்கி, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாமல் அடைத்துவிட்டார்.

"மழையில நனஞ்சு நிக்கிற தோக்குல்லா, நல்லா அடச்சுக் குடுத்திருக்கேன் அண்ணே, கடல்ல போட்டாலும் பயமில்லன்னு சொன்னாராம்" என்றார் பெர்னார்டு அண்ணன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேரல் சூடானால் நீளும், அதிரும். அதற்கு மூச்சு விட இடம் வேண்டும். இங்கே ஒரு பக்கம் குங்கிலியம் இளகுகிறது, மறுபக்கம் பஞ்சு இறுகி நின்று பேரலைத் தள்ளுகிறது. ஆறினால் பழையபடி இருந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. முதல் வெடி எப்போதும் நல்ல வெடி. எஸ்டேட் காவலில் பன்றியை விரட்ட அவர் அப்பா ஒரு வெடிக்கு மேல் வைத்ததே இல்லை. நானும் ஒரு வெடிக்கு மேல் வைத்துப் பார்த்ததில்லை. வரிசையாக வைத்தவர் எட்வின் சார் ஒருவர்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வெளிநாட்டு வேலை. இல்லியா வே?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அதற்குப் பிறகு கடியப்பட்டணத்திலிருந்து யார் கடைக்கு வந்தாலும், "வாங்க, வெளிநாட்டுக்காரரு வந்திருக்காரு, செல்லப்பா, டீ சொல்லு" என்பார். நான் ஓய்வு பெறும்வரை அது ஓயவில்லை.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. பெர்னார்டு அண்ணன் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறிய குங்கிலியம் பழைய கருப்பட்டி மாதிரி. உளியை ஓங்கினால் மரத்தோடு பெயர்ந்து வரும். அதனால் சின்னச் சின்னதாகச் சுரண்டி எடுத்தேன். பஞ்சை இடுக்கியால் பிடுங்கினேன். போல்ட்டும் தோட்டாவும் இருக்கிற கனத்த பாகம் மரத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அங்கே கை வைக்கவில்லை, இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவாக இறுக்கினேன். அதைத் தாண்டி வாய்ப்பக்கம், பேரல் நீளத்துக்கும், மரம் இரும்பைத் தொடக் கூடாது. ஒரு காகிதத் துண்டை நடுவில் நுழைத்து நுனியிலிருந்து இழுத்துக்கொண்டே வருவேன். எங்கே தட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, அந்த இடத்தில் ஒரு சீவல். மறுபடியும் காகிதம். அது எங்கும் நிற்காமல் ஓடிய பிறகு, மழைக்கு மரம் ஊதாமல் இருக்க உள்ளே ஆளி விதை எண்ணெய் தேய்த்துக் காயவைத்து, மறுபடியும் தேய்த்தேன்.

பெர்னார்டு அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் சங்கடம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

"எங்க சித்தப்பன் அடச்சத நீ இருந்து தோண்டுத. இது வள்ளமா இருந்தா நீ முங்கிச் செத்திருப்ப, தெரியுமா?"

"தெரியும் அண்ணே. ஆனா இது தோக்குல்லா."

"அதாக்கும் அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கல்ல" என்றார்.

அந்த வாரம் கிளப்பில் எட்வின் சார் ஐந்து வெடி வைத்தார். நிறுத்தாமல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளி என் தோளில் தட்டின பிறகுதான் திறந்தேன். ஐந்தும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிக் கிடந்தன. எட்வின் சார் எழுந்தார், சட்டையைத் தட்டிக்கொண்டார், தொண்டையைக் கனைத்தார். வாத்தியார் அல்லவா, மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. தோக்கைத் திறந்து காலி என்று காட்டி, பெர்னார்டு அண்ணனிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு அஞ்சு வைங்க, சம்பந்தி."

அந்த வார்த்தையை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் சொன்னார். பெர்னார்டு அண்ணன் வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு நானும் முதலாளியும் போனோம். எனக்கு உள்ளுக்குள் பெரிய கர்வம். ஹால் முழுக்கச் சனம், மீனும் இறைச்சியும் மணக்கிற பந்தி, பிள்ளைகளின் ஓட்டம் — இது எல்லாம் நான் சீவிய மரத்தூளிலிருந்து வந்தது என்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடை ஏறினேன். ஷைனி என்னைப் பார்த்ததும் ஜோபினிடம், "இவங்கதான் அந்த அங்கிள்" என்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் குனிந்து என் காதோடு சொன்னாள்: "அங்கிள், ஒண்ணு சொல்லுதேன், அப்பாட்ட சொல்லிராதீங்க. தோக்கு செரியாவாம போயிருந்தாலும் இந்தக் கல்யாணம் நடந்திருக்கும். நாங்க ரெண்டு பேரும் அப்பமே முடிவு பண்ணியாச்சு."

ராத்தூக்கம் கெட்டுச் சுரண்டியவன் நான். "பொறவு எதுக்கு மக்கா அன்னைக்குக் கடையில வந்து அப்படி நின்ன? செரியாவுமா, எப்போ செரியாவும்னு கேட்டியே?"

அவள் மேடைக்குக் கீழே பார்த்தாள். எட்வின் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பந்தியில் ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சோறு போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா வந்திருக்க மாட்டாருல்லா அங்கிள்" என்றாள்.